மேரி அக்காவின் ஒரு பிடித் தீவனம்

அந்தத் தீவன மூட்டையைப் பிரித்தால் பால்மாவு வாசனை குப்பென்று வரும்... இன்றைக்கும் பேக்கரி பக்கம் போனால் எனக்குச் செமினி பன்றிப் பண்ணைதான் ஞாபகம். சொன்னால் மனைவி முறைக்கிறாள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் தீவனக் கம்பெனி சேல்ஸ்மேன், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் செமினி போவேன். அங்கே ஒரு பண்ணையில், பால்குடிப் பன்றிக்குட்டிகளை எங்கள் புதுத் தீவனத்தைத் தின்ன வைத்துக் காட்ட வேண்டும்.

இன்னும் பத்து நாளில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள். அதற்குள் பழகாவிட்டால் வயிறு கெட்டு, இளைத்து, செத்தும் போகும். கூடவே என் வேலையும் போகும்.

நான் தட்டு நிறையக் கொட்டினேன். பதினோரு குட்டிகளும் அதில் ஏறிப் படுத்தன... மூத்திரமும் பெய்தன. ஒன்றுகூட வாய் வைக்கவில்லை.

கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் மேரி அக்கா. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், மெத்தை போட்டு வெச்சிருக்கீங்களா?”

அத்தனையையும் வழித்துக் கொட்டித் தட்டைக் கழுவினார். ஒரே ஒரு பிடி எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, குட்டிகள் சூட்டுக்காகப் படுக்கும் விளக்கடியில் வைத்தார். ஏற்கெனவே தின்னப் பழகிய ஒரு குட்டியைப் பக்கத்துக் கூண்டிலிருந்து தூக்கிவந்து நடுவில் விட்டார்.

“தள்ளி வாங்க லா. ஆள் நின்னு முறைச்சா யாருக்குச் சாப்பாடு எறங்கும்?”

அந்தக் குட்டி சப்புக்கொட்டித் தின்றது. கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு மூக்குகள் தட்டுக்குள்...

மிச்சத்தை எடுத்துவிட்டு, புதிதாக இன்னொரு பிடி. ஒரு நாளைக்கு ஆறு தடவை. பழசை ஒருமுறைகூட அவர் விட்டுவைத்து நான் பார்த்ததில்லை. என்ன பொறுமை! அசந்துபோனேன்.

தாயைப் பிரித்த அன்று பதினொன்றும் தட்டைச் சுற்றி முட்டி மோதின. பண்ணை முதலாளி என் முதுகில் தட்டி, “பாகுஸ்!” என்று மலாயில் பாராட்டினார். அக்கா அடுத்த கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அவர் செய்ததை அப்படியே ரிப்போர்ட்டாக எழுதினேன். வேலை நிரந்தரமானது. அவர் பெயரை மட்டும் எழுதவில்லை... கொட்டகை கழுவுகிறவரிடம் கற்றேன் என்று எழுத அப்போது எனக்கு வெட்கம்.

இப்போது அந்தப் பண்ணை இருந்த இடம் முழுக்க வீடுகள். போன மாதம் கிள்ளானில் ஒரு கடையில் குட்டித் தீவன மூட்டையைப் பார்த்தேன். பின்பக்கம் மூன்று மொழிகளில் அச்சடித்திருந்தது... கொஞ்சமாக, அடிக்கடி, புதிதாக வையுங்கள்.

“இது மேரி அக்கா சொன்னது, boss” என்றேன் கடைக்காரரிடம்.

“எந்த மேரி, அண்ணே?”

அதற்குத்தான் இந்தப் பதிவு.