முப்பத்து மூன்று டிகிரி

சிவரஞ்சனிக்கு முனைவர் பட்டம் வாங்கித் தந்தது ஒரு பாலிமர். இரண்டு துண்டுகள் சேர்ந்த நீளமான சங்கிலி அது. ஒரு துண்டு எந்தத் தண்ணீரிலும் கரையும். மற்றது தண்ணீர் குளிர்ந்திருக்கும்வரைதான் கரையும். சூடேற்றினால், குப்பியில் தெளிவாக இருந்த கரைசல் சட்டென்று வெளுத்துக் கலங்கிவிடும். சரியாக முப்பத்தேழு டிகிரியில், உடம்புச் சூட்டில், அது கலங்குகிறது என்று அவள் கட்டுரை சொன்னது. உடம்புக்குள் மருந்தைக் கொண்டுபோய் நிறுத்த இது உதவும் என்று ஆய்வாளர்கள் பலர் அதை மேற்கோள் காட்டினார்கள்.

மூன்று முறை செய்து பார்த்ததாகக் கட்டுரையில் இருந்தது. உண்மையில் முதல் முறை மட்டும்தான் முப்பத்தேழு. அது ஏன் அப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. அடுத்த இரண்டும் முப்பத்து மூன்றிலேயே கலங்கின. வழிகாட்டிப் பேராசிரியர் வரைபடத்தைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். கொடும்பாளூரில் அவள் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. ஒரு மத்தியானம், ஆய்வகத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், வரைபடத்தில் முதல் முறையின் கோட்டையே லேசாக அசைத்து, மற்ற இரண்டு முறைக்கும் கோடுகள் போட்டாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த வேலையைத் தொடர வந்தவள் பிளெஸ்ஸி. மணமேல்குடிப் பெண். சிவரஞ்சனி கிளம்புவதற்கு முன் ஆறு மாதம் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். குடுவைக்குள் காற்றுப் புகாமல் பார்த்துக்கொள்வது, கரைசலைச் சவ்வுப் பையில் கட்டி மூன்று நாள் தண்ணீரில் ஊறவிட்டுச் சுத்தப்படுத்துவது என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். பிளெஸ்ஸிக்கு எப்போதும் முப்பத்து மூன்றுதான் வந்தது.

"மறுபடி செஞ்சு பாக்கவாக்கா?" என்று கேட்பாள்.

"செஞ்சு பாரு," என்பாள் சிவரஞ்சனி.

மூன்றாம் வருஷம் பிளெஸ்ஸி படிப்பை விட்டுவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள்.

சிவரஞ்சனி புதுக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். செய்முறை வகுப்பில் பிள்ளைகள் எதையாவது வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது. "மறுபடி செஞ்சு பாக்கவாக்கா?" திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள். ஒருநாள் வாய்விட்டு, "வேணாம்" என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று முதல் வெந்நீர்த் தொட்டிப் பக்கம் போவதை நிறுத்தினாள்.

மே மாதம் மாணவர் சேர்க்கைக்காக ஆசிரியர்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். அவளுக்கு மணமேல்குடி. கடைத்தெருவில் இருந்த இ-சேவை மையத்தில் நோட்டீஸ் கொடுக்க நுழைந்தாள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் பிளெஸ்ஸி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா! வாங்க, வாங்க. ஒக்காருங்க."

பிளெஸ்ஸி நோட்டீசை வாங்கிப் பார்த்தாள். சிவரஞ்சனியின் படமும், படத்துக்குக் கீழே அந்தக் கட்டுரையின் பெயரும் அச்சாகியிருந்தன. பிளெஸ்ஸியின் முகத்தில் கோபமே இல்லை.

"எனக்குத்தான் அந்தக் கை வாய்க்கலக்கா. பதினாலு தடவ செஞ்சேன். சார் கடைசில, நீ கவனமாச் செய்யிற ஆளு இல்லன்னுட்டாரு."

பிளெஸ்ஸி வரவழைத்த டீயைச் சிவரஞ்சனி தொடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அறந்தாங்கி தாண்டும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு மறுபடி போனாள். கூட்டம் குறைந்ததும் நடந்தது முழுவதையும் சொன்னாள். பிளெஸ்ஸி ஒருவருக்கு வருமானச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தாள். அவர் போன பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் முப்பத்துமூணு சரிதானா?"

"சரிதான்."

"பதினாலு தடவையுமா?"

"பதினாலும் சரிதான், பிளெஸ்ஸி."

"எங்க அம்மா நான் சோம்பேறின்னு நெனைச்சிட்டு இருக்கு. இத்தன வருசமா நானும் அப்படித்தான் நெனைச்சேன்." பிரிண்டரிலிருந்து ஒரு தாளை உருவி அவள் முன்னால் வைத்தாள். "எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போடுங்க."

சிவரஞ்சனி எழுதிக் கொடுத்தாள். பிளெஸ்ஸி அதை இரண்டு தடவை படித்து, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இனிமே இங்கிட்டு வராதீங்கக்கா," என்றாள்.

திங்கட்கிழமை சிவரஞ்சனி ஆய்விதழுக்குக் கடிதம் அனுப்பினாள். பேராசிரியர் போனில் கத்தினார். நான்கு மாதத்தில் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பட்டத்தைப் பற்றி விசாரணை நடக்கிறது. கல்லூரி அவளை வேலையிலிருந்து நீக்கவில்லை. பாடம் எடுப்பதை நிறுத்தித் தேர்வுப் பிரிவில் உட்காரவைத்தது. கணவன் பழனிச்சாமி, "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டான்.

பிறகு அவள் தன் கட்டுரையை மேற்கோள் காட்டிய ஒவ்வொருவருக்கும் எழுதத் தொடங்கினாள். மொத்தம் நாற்பத்தோரு பேர். சிலர் திட்டினார்கள். பலர் பதிலே போடவில்லை. ஒருவன், தானும் முப்பத்து மூன்றைப் பார்த்து, கருவிதான் கெட்டுப்போனது என்று நினைத்து முப்பத்தேழு என்றே எழுதிவிட்டதாகச் சொன்னான். அந்த மின்னஞ்சலைப் படித்த பிறகு அவளை உலுக்கியது இந்த நாற்பத்தோரு பேர் இல்லை. எதுவும் எழுதாமல், தங்கள் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு ஏதேதோ ஆய்வகங்களிலிருந்து வெளியேறியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களுக்கு எங்கே கடிதம் அனுப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை.