லில்லி கற்ற இந்தி

லில்லி எட்டாம் வகுப்போடு நின்றவள். கூரத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு பஸ்ஸில் வந்து, கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் பாத்திரம் தேய்த்தாள், பரிமாறவும் செய்தாள். சோப்புத்தூளில் விரல்நுனிகள் உரிந்திருந்தன.

அந்தப் பெண்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே இந்தி தெரிந்த சூப்பர்வைசர் எடுப்பார்கள், படிப்பு முக்கியமில்லை என்று அவர்களை ஏற்றிப்போகும் வேன் டிரைவர் சொன்னான்.

லில்லி அந்தப் பெண்களிடமே கற்கத் தொடங்கினாள். சோறு, தண்ணீர், வயிற்றுவலி எல்லாவற்றையும் கையால் காட்டிக் கேட்டாள். மாமியாரை நடித்துக் காட்டினாள். தட்டை நீட்டி அவர்கள் சொல்லும் 'ஆவு டிக்கே'தான் முதலில் வந்தது. இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். ஒரு வருஷத்தில் அவர்களோடு சண்டை போடும் அளவுக்குப் பேசினாள்.

கணவன் ஜான்சன், பெயிண்டர். ஒருநாள் டீவியில் இந்திப் படம் வைத்தான்.

"இன்னா சொல்றான் சொல்லுமா, கேப்போம்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இது பம்பாய் இந்திபா. வேகமா பேசறானுங்க."

தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலைக்கான நேர்காணலில் அதிகாரி இந்தியில் ஏதோ கேட்டார். புரியவில்லை. லில்லி தானாகவே ஆரம்பித்து பெயர், ஊர், வேலை என்று நிறுத்தாமல் சொன்னாள். அவர் பேனாவை மூடினார். தண்ணீர் வைக்க வந்த ஆள் மட்டும் சிரித்துக்கொண்டு அவள் பேசிய மொழியிலேயே அவளுக்குப் பதில் சொன்னான். பக்கத்தில் இருந்த தமிழ் அதிகாரி அவனை விசாரித்தார்.

"இது இந்தி இல்லமா. ஒடியா. ஒரிசாக்காரங்க பேசறது."

"ரெண்டும் ஒண்ணு இல்லீங்களா?"

"தமிழும் தெலுங்கும் ஒண்ணா?"

வேலை வேறொருத்திக்குப் போயிற்று.

ஏன் சொல்லவில்லை என்று ஹாஸ்டல் பெண்களைக் கேட்டாள். ஒடியாவில்தான் கேட்டாள். அவர்கள் வெகுநேரம் சிரித்தார்கள்.

மழைக்காலத்தில் அவர்களில் ஒருத்திக்குக் காய்ச்சல் முற்றியது. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் அவளுக்கும் நடுவே லில்லி நின்று பேசினாள். பிறகு, ஆட்களைக் கொண்டுவரும் காண்டிராக்டர் அவளை வார்டன் ஆக்கினார். சம்பளம் சூப்பர்வைசருக்குக் கீழே, பாத்திரம் தேய்ப்பதற்கு மேலே. விரல்கள் ஆறிவிட்டன. கூரத்து வீட்டின் ஷீட் கூரை அப்படியே இருக்கிறது.

சென்ற மாதம் புதிய பெண்கள் வந்து இறங்கினார்கள். லில்லி மறுபடி கற்கிறாள்.

"இது இன்னா பாஷைன்னு மொதல்ல கேட்டுக்கினியா?" என்றான் ஜான்சன்.

"கேட்டேன். அசாமியாம்."

"அப்ப இந்தி?"

"அத பேசறவங்க யாரும் இன்னும் நம்ம ஹாஸ்டலுக்குத் தட்டு தூக்கிக்கினு வரலயே."