குவைத்தில் சம்பளம், கொரட்டூரில் திட்டு

வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு நிதித் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். அதாவது சம்பாதிக்கிறவர் ஒரு நாட்டில், செலவு செய்கிறவர்கள் இன்னொரு நாட்டில், இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவள் கொரட்டூர் ஸ்டேஷன் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில். உங்கள் வீட்டிலும் ஒருத்தர் துபாயிலோ டல்லாஸிலோ இருந்தால் நீங்களும் என் கட்சிதான். உட்காருங்கள், சேர்ந்தே புலம்பலாம்.

பேங்க் வேலையை விட்டுவிட்டுப் பதினான்கு வருஷமாக இதைச் செய்கிறேன். கதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் என்னை நிஜமாகவே ஆட்டி வைத்தது மண்ணூர்பேட்டை தினகரன் குடும்பம்தான். அதனால் பெரும்பாலும் அவர்கள் கதையே. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன், இல்லாவிட்டால் மாடிப்படி ஏறி வந்து சண்டைக்கு நிற்பார்கள்.

சம்பளம் எவ்வளவு?

தினகரன் குவைத்தில் எலெக்ட்ரீஷியன். முதல் மீட்டிங்குக்கு அவர் வீடியோ காலில், போனுக்குள் இருந்தபடி வந்தார். போனைத் தண்ணி பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு, அவர் மனைவி மலர், அம்மா, தங்கை புருஷன் குமார் மூன்று பேரும் கல்யாண போட்டோவுக்கு உட்காருவது மாதிரி நெருக்கி உட்கார்ந்தார்கள். "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டேன். இந்தத் தொழிலில் முதல் கேள்வியே அதுதானே? உடனே தினகரனுக்குச் சிக்னல் போய்விட்டது. "ஹலோ... ஹலோ... மேடம், கேக்கல." நான் கேட்ட மற்றதெல்லாம் அவருக்குக் கணீரென்று கேட்டது.

மலருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் எப்போது வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வருவார்? கல்யாணமாகி ஒன்பது வருஷம். சேர்ந்து இருந்த நாட்களை லீவு லீவாகக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. பெண் மூன்றாவது படிக்கிறாள். பெண் படிப்பு, வீட்டுக் கடன், இங்கே சின்னதாக ஒரு எலெக்ட்ரிக்கல் கடை, எல்லாம் கணக்குப் போட்டு "நாலு வருஷம்" என்றேன். மலர் அதைத் தன் போனில் குறித்துக்கொண்டாள். அன்று சாயந்திரம் தினகரனிடமிருந்து வாட்ஸப்பில் சம்பளத் தொகை வந்தது, பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அம்மாவுக்கு ஒண்ணு சொல்லிக்கீறேன், மச்சானுக்கு ஒண்ணு சொல்லிக்கீறேன். உங்களுக்கும் கொஞ்சம் கொறச்சித்தான் அனுப்பிக்கீறேன் மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க, பழக்க தோஷம்."

அவசரம்னா என்ன?

அவசரச் செலவுக்கு என்று ஆறு மாதச் சம்பளத்தைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரி, வேலை போவது, இதற்கு மட்டும்தான் தொட வேண்டும் என்று பாடம் மாதிரி நடத்தினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆடி மாதம் பார்த்தால் அதில் ஒரு கணிசமான துண்டைக் காணோம். விசாரித்தால், அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தினகரன் படம் போட்ட பேனர், குமார் செலவில். குமார் செலவு என்றால் தினகரன் பணம் என்று அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது அவசரமா?" என்று கத்தினேன். குமார் நிதானமாகச் சொன்னார்: "கூழு ஊத்துற அன்னிக்கி பேனர்ல நம்ம மூஞ்சி இல்லன்னா, அதவுட அவசரம் இன்னா மேடம் கீது?"

ஆவடியிலிருந்து பத்தே நிமிஷம்

இந்தக் குமாருக்கு மனை புரோக்கர் தொழில். "ஆவடியிலிருந்து பத்தே நிமிஷம்" என்று தினகரனுக்கு ஒரு வீடியோ அனுப்பி, அட்வான்ஸும் வாங்கிக் கைமாற்றிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பேன் என்று தெரியும், கெட்டிக்காரர். விஷயம் தெரிந்ததும் மலரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ரயில், ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை. பத்து நிமிஷம் என்றது ஹெலிகாப்டரில் போலிருக்கிறது.

மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. மனையின் நாலு எல்லைக் கல்லில் இரண்டின் தலைதான் வெளியே தெரிந்தது. மீதி தண்ணீர். முழங்கால் ஆழத்தில் ஒருத்தர் வலை போட்டுக்கொண்டிருந்தார். அட்வான்ஸ் திரும்பி வராது என்பது அங்கே நின்றபோதே இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. நாலு வருஷம் ஐந்தாகிவிட்டது. மலர் போனை எடுத்துத் தேதியை மாற்றினாள். வலைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகக் குரல் கொடுத்தார்: "உங்க மனையா? கவலப்படாதீங்கம்மா, கெண்டை நல்லாக் கீது. ஒரு கிலோ தரட்டா?"

ரூபாய் விழுந்தால் சந்தோஷம்

நடுவில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம். கொரட்டூர் ஏரிப் பக்கம் அடுக்குமாடியில் இருக்கிற ரிட்டயர்டு சார் ஒருத்தர், பையன் டல்லாஸில். காலையில் வாக்கிங் முடித்து நேரே என் ஆபீசுக்கு வருவார், டாலர் ரேட் கேட்க. போனில் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்றால், "நீ சொன்னா ராசியா இருக்கும்மா" என்பார். ரூபாய் விழுந்த அன்று எனக்கு மெதுவடை வாங்கிக் கொடுப்பார். ஒருநாள் ரூபாய் கொஞ்சம் தேறிவிட்டது, மனிதர் இடிந்து உட்கார்ந்துவிட்டார். "நாட்டுக்கு நல்லதுதானே சார்?" என்றேன். "தேசபக்தியெல்லாம் நெறையவே இருக்கும்மா. ஆனா நம்ம ஃபிளாட் லோனை தேசமா கட்டுது?"

கையெழுத்து சரியில்லை சார்

வெளிநாடு போனவர் பேங்கில் சாதாரணக் கணக்கையே வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, வெளிநாட்டில் இருப்பவருக்கான கணக்காக மாற்ற வேண்டும். தினகரன் மாற்றவேயில்லை. பேங்கைப் பொறுத்தவரை அவர் மண்ணூர்பேட்டையிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். லீவில் வந்தபோது பிடித்து இழுத்துக்கொண்டு போனேன், மலரும் கூட வந்தாள். ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "கையெழுத்து ஒத்துப்போகலையே சார்." மறுபடி போட்டார். மறுபடியும் இல்லை. மூன்றாவது தடவை, பாவம், வேர்த்துப் போனார்.

விஷயம் இதுதான். இத்தனை வருஷமாகச் செக்கிலும் ஃபாரத்திலும் அவர் கையெழுத்தைப் போட்டு வந்தது மலர். நடுவில் பேங்கில் புதிதாக மாதிரிக் கையெழுத்துக் கேட்டபோதும் அவள்தான் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஆக, பேங்கில் இருக்கிற தினகரன் மலர்தான்! இது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேனாவைப் பிடுங்கிவிட்டாள். நான் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டேன். மலர் புருஷனிடம் மெதுவாகத்தான் சொன்னாள், இருந்தாலும் காதில் விழுந்தது: "நீ போட்றது செல்லாது. தள்ளு, நான் போட்றேன்."

இன்னும் ரெண்டே வருஷம்

மனை அட்வான்ஸில் விழுந்த ஓட்டையை அடைத்தோம். அடுத்து தினகரனுக்கு மாடி கட்ட ஆசை வந்தது, வாடகை வருமே என்றார். மாடி எழும்பியதும் பெண் கல்யாணத்துக்குச் சேர்க்கணும் என்றார். பெண் அப்போது ஏழாவது படிக்கிறாள், கல்யாணமாம்! ஒவ்வொரு தடவையும் "இன்னும் ரெண்டே வருஷம் மேடம்" என்பார். நானும் வெட்கமில்லாமல் கம்ப்யூட்டரைத் திறந்து தேதியைத் தள்ளிப் போட்டு அனுப்புவேன். கேட்டதைச் செய்து கொடுப்பதுதானே நம் வேலை என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

ஒருநாள் மலர் தனியாக வந்தாள். நான் அனுப்பிய தாளை மடியில் விரித்து, விரல் வைத்து வரி வரியாகக் கேட்டாள். ஸ்கூல் ஃபீஸ் வருஷா வருஷம் ஏறும் என்று போட்டிருக்கிறீர்களா? ஆமாம். ஆஸ்பத்திரிச் செலவு? ஆமாம். அரிசி பருப்பு? அதற்கும் போட்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன், நான் ஒரு மடச்சி. தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். "எல்லாம் ஏர்றதுக்குப் போட்டுக்கீறீங்க. எனக்கு வயசு ஏறுதே, அதுக்கு எவ்ளோ மேடம் போட்டீங்க?"

வெள்ளிக்கிழமை போன்

வெள்ளிக்கிழமை குவைத்தில் லீவு. தினகரனைக் கூப்பிட்டேன். "பணம் போதும். போன வருஷமே போதும். தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், தப்பு என் மேல். கிளம்பி வாங்க" என்றேன். மனிதர் காரணமாக அடுக்கினார். கம்பெனி விடாதாம், மாடியில் பூச்சு வேலை பாக்கியாம், குமார் ஏதோ இடம் பார்த்திருக்கிறாராம். குமார் பெயரைக் கேட்டதும் நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் மெல்லச் சொன்னார்: "இங்க எத்தினி வில்லாவுக்கு ஒயரிங் பண்ணிக்கீறேன், எந்த சுவிட்சு எதுக்குன்னு கண்ண மூடிகினு சொல்வேன். என் ஊட்டு ஹால்ல எனக்குத் தெரியாது மேடம். லீவுல வந்தா எம்பொண்ணு வந்து 'அது இல்லப்பா, இது'ன்னு போட்டு வுடுது. அங்க வந்து இன்னா பண்ணப் போறேன் நான்?"

கொத்தமல்லி இருபது கட்டு

நான் விடவில்லை. "தெரியலைன்னா கத்துக்கோங்க, அதுக்கு ஒரு நாள் போதும், இன்னும் ரெண்டு வருஷம் வேண்டாம்" என்று காய்ச்சி எடுத்தேன். அதற்கப்புறம் ஒரு மாதம் பேச்சே இல்லை. சரி, ஒரு வாடிக்கையாளர் போனார் என்று நினைத்திருந்தபோது, மலரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஏர்போர்ட் வாசல், தள்ளுவண்டியில் பெட்டி, பக்கத்தில் தினகரன், அவர் தோளில் சாய்ந்துகொண்டு பெண். திரும்பிப் போகிற தேதி போடாத டிக்கெட்டில் வந்திருக்கிறார். ஆபீசில் உட்கார்ந்து அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம்?

மூன்று வாரம் கழித்து மலர் படியேறி வந்தாள், முகம் கடுகடுவென்று. மனிதர் வீட்டைவிட்டு நகர்வதில்லையாம். அடுப்புப் பக்கத்தில் நின்று, எண்ணெய் இவ்வளவு ஊற்றாதே என்கிறாராம். கடைக்கு அனுப்பினால் எல்லா விலையையும் தினாரில் மாற்றிப் பார்த்து, அட, இவ்வளவு சல்லிசா என்று கொத்தமல்லி இருபது கட்டு வாங்கி வருகிறாராம். கடை வைப்பதற்கு? நல்ல நாள் பார்க்கிறாராம். "பேசாம குவைத்துக்கே திருப்பி அனுப்பிடலாமா?" என்று கிண்டலாகக் கேட்டேன். அவள் முறைத்த முறைப்பில் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். "காலைல ஒம்போதுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் எங்கனா போய்ட்ற மாதிரி ஒரு பிளான் போடுங்க. ஆனா ராத்திரி சோத்துக்கு ஊட்ல இருக்கணும் மேடம், அத மட்டும் எழுத்துல போட்டு அவரு கையில குடுங்க."

தினகரன் இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறார். பதினான்கு வருஷத்தில் நான் எழுதிக் கொடுத்த திட்டங்களிலேயே ஒருநாள்கூடத் தள்ளிப்போகாமல் நடக்கிறது அந்த ராத்திரிச் சோற்று வரி ஒன்றுதான், அதற்குப் போய் நான் ஃபீஸ் வாங்காமல் விட்டுவிட்டேன்.