நிலவியல் இன்டர்வியூவும் ஸ்டீபனின் புருவமும்

கல்லைப் பற்றிப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு வாயைத் திறக்கச் சொல்லிக்கொடுப்பது சில வருஷம் என் உபதொழிலாக இருந்தது.

வாரநாட்களில் கடலூரில் ஒரு கல்லூரியில் நிலவியல் பாடம் எடுத்தேன், அதுவும் தற்காலிக வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பாப்புலியூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடிக்குப் போய்விடுவேன். சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. நிலவியல் சேர விரும்பும் பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சி. மார்க் இருந்தால் மட்டும் சீட் கிடைத்துவிடாது. ஓர் அறைக்குள் போய், மேஜைக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வெளியே வர வேண்டும். நீங்களும் என்றைக்காவது அப்படி ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பீர்கள். கையை மடியில் வைப்பதா, மேஜையில் வைப்பதா என்று திண்டாடியிருப்பீர்கள். கடைசியில் ஏதோ சொல்லிவிட்டு, சரியான பதிலை பஸ்ஸில் திரும்பும்போது கண்டுபிடித்திருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே கட்சிதான்.

புருவம்

பயிற்சிக்கு நான் ஒருத்தி கேள்வி கேட்டால் போதவில்லை. வகுப்பில் தினம் பார்க்கிற முகம்; பிள்ளைகள் பயப்படவே மாட்டேன் என்றார்கள். கீழே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த ஸ்டீபனைக் கூப்பிட்டேன். என் தம்பியோடு படித்தவன், பி.காம். பாறைக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் கடவுள் அவனுக்கு அடர்த்தியான ஒரு ஜோடி புருவம் கொடுத்திருந்தார். "நீ ஒண்ணும் கேக்க வேணாம்பா. அவுங்க பதில் சொல்லும்போது ஒரு புருவத்த மட்டும் தூக்கிப் பாரு" என்றேன்.

முதலில் மாட்டியவன் வீரமணி. கம்மாபுரத்துப் பையன், வகுப்பில் எதைக் கேட்டாலும் டக்கென்று சொல்கிறவன். குவார்ட்ஸ், கால்சைட், இரண்டில் எது கடினம் என்று கேட்டேன். "குவார்ட்ஸ்" என்றான். சரியான பதில். ஸ்டீபனின் இடது புருவம் மேலே போனது. வீரமணி எச்சில் விழுங்கி, "இல்ல, கால்சைட்" என்றான். இப்போது வலது புருவம் போனது. "மொதல்ல சொன்னதுதான் சார், குவார்ட்ஸ்" என்றான். ஸ்டீபனுக்கும் ஆர்வம் வந்துவிட்டது போல. இரண்டு புருவத்தையும் சேர்த்துத் தூக்கி, "நிச்சயமா?" என்றான். வீரமணி எழுந்தே நின்றுவிட்டான்.

"நீங்க எதச் சொன்னாலும் சரிதான் சார்."

சின்ன வயசிலிருந்தே

எல்லா இன்டர்வியூவிலும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: ஏன் இந்தப் படிப்பை எடுக்கிறீர்கள்? உண்மையைச் சொன்னால், பாதிப் பேருக்கு வேறு சீட் கிடைக்கவில்லை. அதை அப்படியே சொல்ல முடியுமா? ஆங்கிலத்தில் அழகாக ஒரு வாக்கியம் தயார் செய்து எல்லோருக்கும் மனப்பாடம் செய்யவைத்தோம். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கற்களின் மேல் தீராத ஆர்வம், ஆற்றங்கரையில் கல் பொறுக்கியே வளர்ந்தேன் என்று அர்த்தம் வரும்.

இது வீரமணி வருவதற்கு முந்தின வருஷம். சிதம்பரத்துக்குப் போன எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் அதையே ஒப்பித்திருக்கிறார்கள். முதல் ஆளுக்குத் தலையாட்டிய பேராசிரியர், இரண்டாவது ஆளுக்குப் பேனாவைக் கீழே வைத்தாராம். கடைசியாகப் போனவள் வாயைத் திறந்ததும், மிச்ச வாக்கியத்தை அவரே சொல்லி முடித்துவிட்டார். எல்லோரையும் அனுப்பிவிடப் போகிறார்கள் என்று நான் வராந்தாவில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷர், கோபப்படவில்லை. சாப்பாட்டுக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்து நின்றார்.

"ஏம்மா, கடலூர்ல குழந்தைங்க பொம்மையே வச்சி வெளையாடறதில்லையா, எல்லாம் கல்லுதானா?"

வாப்பாவின் இன்டர்வியூ

நஸ்ரின் பரங்கிப்பேட்டைப் பெண். பயிற்சிக்கு வரும்போது கூடவே அவளுடைய உம்மாவும் வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பாடம் நஸ்ரினுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கஷ்டம் வேறு இடத்தில். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அவளுடைய வாப்பா, இந்தப் படிப்புக்கு வெளியூர் கூட்டிப்போவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, வேண்டாம் என்றுவிட்டார். "மிஸ், நீங்க ஒருதரம் வாப்பாகிட்ட பேசுங்க" என்று போனைக் கொடுத்தாள். அவர் சரி என்று சொல்லாவிட்டால் சிதம்பரம் போவதிலேயே அர்த்தம் இல்லை.

சலாம் சொல்லிவிட்டு அவர் என்னைக் கேட்ட கேள்விகளை எந்தப் பல்கலைக்கழகமும் கேட்டிருக்காது. கூட எத்தனை பெண்கள் வருவார்கள், தங்குவது எங்கே, மலையில் ஏறும்போது யார் பிடித்துக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பதில் சொன்னேன். முதலில் எங்கே போவீர்கள் என்றார். அரியலூர், அங்கே கடல் பிராணிகளுடைய புதைபடிவங்கள் இருக்கின்றன, கல்லாகிப்போன நத்தை மாதிரி என்றேன். "கடல் நம்ம ஊட்டுக்குப் பின்னாடி கெடக்கு. கடல் பிராணியத் தேடி அரியலூருக்கு எதுக்கும்மா போவணும்?" "அங்கயும் ஒரு காலத்துல கடல் இருந்ததுங்க." "எப்ப?" "பல கோடி வருஷத்துக்கு முன்னாடி." நஸ்ரின் துப்பட்டா முனையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவருடைய குரல் வந்தது.

"இனிமே அங்க திரும்பி வராதுல்ல? அப்ப போவட்டும்."

பலகைப் பக்கம்

மூன்றாவது ஆள் பரிமளா. முதுநகருக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவக் குப்பம். சுனாமி வந்த காலையில் அவளுடைய அம்மா மீன் எடுக்கக் கரைக்குப் போயிருந்தார். திரும்பவில்லை. பரிமளா அப்போது பிளஸ் டூ. அதற்குப் பிறகு அவள் நிலவியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக வந்து சேர்ந்ததும், வகுப்பில் அவள் முதலாவதாக வந்ததும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலையைப் பற்றி யாரும் அவளிடம் பேசுவதில்லை.

ஆனால் இன்டர்வியூவில் பேசித்தான் ஆக வேண்டும். அந்த வருஷங்களில் கடலூர் என்று ஊர்ப்பெயர் சொன்ன உடனே அடுத்த கேள்வி சுனாமிதான். பயிற்சியில் நான் அதைக் கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. பரிமளா "கடலுக்கு அடியில்..." என்று தொடங்கி நின்றுவிட்டாள். அழவில்லை. வெறுமனே என்னைப் பார்த்தபடி இருந்தாள். ஸ்டீபன் புருவத்தைத் தூக்க மறந்து, எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டான். அடுத்த வாரமும் அப்படியே. அந்தக் கேள்வியை விட்டுவிடலாம் என்று சொன்னேன். "நீங்க உட்ருவீங்க மிஸ். அவுங்க உடுவாங்களா?" என்று கேட்டாள்.

அதற்கடுத்த வாரம் அவளே எழுந்தாள். சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பி நின்றாள். கடலடியில் ஒரு நிலத்தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் நுழைவதை வரைந்தாள். இரண்டும் சிக்கிக்கொண்டு, பல காலம் கழித்துச் சட்டென்று விடுபட்டு, மேல் தட்டு தூக்கிக்கொண்டதைச் சொன்னாள். ஆழத்தில் அந்த அலை உயரமே தெரியாமல் வேகமாக வருவதையும், கரைக்குப் பக்கத்தில் வேகம் குறைந்து உயரமாவதையும் சொன்னாள். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. எங்களுக்கு அவளுடைய முதுகும் பின்னலும்தான் தெரிந்தன. முடித்ததும் சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு, பலகையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இப்படி நின்னா வருது மிஸ். உங்க மூஞ்சப் பாத்தாதான் நின்னுபோவுது."

தோண்டினால் வருவது

இன்டர்வியூ அன்றைக்கு மூவரையும் கூட்டிக்கொண்டு நானே சிதம்பரம் போனேன். வழியில் பு.முட்லூரில் நஸ்ரினும் உம்மாவும் ஏறிக்கொண்டார்கள். பஸ்ஸில் வீரமணி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தான்.

அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். என்ன நடந்தது என்று வெளியே வந்து அவனே சொன்னான். கம்மாபுரம் என்றதும், நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கமாயிற்றே என்று பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். உங்கள் ஊரில் தோண்டினால் முதலில் என்ன வரும் என்று கேட்டிருக்கிறார். செம்மண், களிமண், மணற்பாறை, அப்புறம் பழுப்பு நிலக்கரி, அதற்கும் கீழே அழுத்தத்தோடு நிற்கிற தண்ணீர். இதெல்லாம் அவனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். பிற்பாடு அங்கேயே வரிசையாகச் சொல்லியும் இருக்கிறான். ஆனால் நடுவில் உட்கார்ந்திருந்தவருக்கு ஸ்டீபனைவிடப் பெரிய புருவமாம். அதைப் பார்த்ததும் பயிற்சி எல்லாம் பறந்துபோய், சுரங்கத்துக்கு நிலம் எடுப்பதைப் பற்றி வீட்டில் தினம் பேசுகிறது வாயில் வந்துவிட்டது. கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த மூவரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்களாம். எங்களிடம் சொல்லும்போது அவன் முகம் வெளிறியிருந்தது.

"தோண்டறதுக்கு முன்னாடியே தாசில்தார் வருவாருன்னு சொல்லிட்டேன் மிஸ்."

ஒரு வெள்ளைத்தாள்

நஸ்ரின் போன சுருக்கில் சிரித்துக்கொண்டே வந்தாள். பரிமளாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தபோது நான் எட்டிப் பார்த்தேன். மேஜை, நாற்காலிகள், கல் மாதிரிகள் வைத்த அலமாரி, சுவரில் ஒரு நிலவரைபடம். பலகை இல்லை. பலகை இல்லாத அறையாக இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றாமல் போனது? உள்ளே ஓடிப்போய் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கதவு சாத்திக்கொண்டது. உம்மா என் கையைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்து, முந்தானையால் விசிறிவிட்டார். உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை.

வந்தபோது அவள் கையில் மடித்த ஒரு தாள் இருந்தது. நேரே தண்ணீர்க் குழாய்க்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தாளைப் பிரித்துக் காட்டினாள். தட்டு, கடல், அலை, கரை எல்லாம் பேனாவில் வரைந்திருந்தது. கரையில் ஒரு சின்னப் படகும் இருந்தது; அது பாடத்தில் இல்லாதது. கேள்வி வந்ததும், ஒரு வெள்ளைத்தாள் கிடைக்குமா சார் என்று கேட்டு வாங்கி, குனிந்து வரைந்துகொண்டே முழுக்கச் சொல்லியிருக்கிறாள். முடிவில் அந்தப் பேராசிரியர் வேறு ஒன்றும் கேட்காமல், தாளை மடித்து அவள் கையிலேயே கொடுத்து, ஜூலையில் வகுப்பு ஆரம்பம் என்று மட்டும் சொன்னாராம். எனக்குக் கால் தரையில் பாவியது அப்போதுதான்.

"கடைசி வரைக்கும் நான் தலைய தூக்கல மிஸ், அவரும் என் மூஞ்சப் பாக்கல, அந்தப் பேப்பரையேதான் பாத்துக்கினு இருந்தாரு."

கடை மூடினோம்

பரிமளாவும் நஸ்ரினும் முதல் பட்டியலிலேயே வந்துவிட்டார்கள். வீரமணி காத்திருப்போர் வரிசையில் நின்று, யாரோ ஒரு புண்ணியவான் வேறு படிப்புக்குப் போனதும் உள்ளே நுழைந்தான். அந்தக் குளிர்காலத்தில் அரியலூரிலிருந்து நஸ்ரின் எனக்குப் போன் செய்தாள். பெரிய சுருள் நத்தை ஒன்று கிடைத்திருக்கிறது, வாப்பாவிடமும் சொல்லிவிட்டேன் என்றாள்.

இரண்டு மூன்று வருஷம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு கோடையில் அறிவிப்பு வந்தது: இனி மார்க்கை வைத்துத்தான் சேர்க்கை, நேர்முகத் தேர்வு கிடையாது. பிழைப்பில் மண் விழுந்ததே என்று நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். வரவில்லை வருத்தம். மாடி அறையின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நிம்மதியாக இட்லி சாப்பிடலாம் என்று நினைத்தபோது மனசு லேசாக இருந்தது. ஸ்டீபனிடம் போய்ச் சொன்னேன். கழற்றிப் போட்டிருந்த செல்போனை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கி ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னான். உனக்கு என்னப்பா வந்தது, நீ சும்மா உட்கார்ந்து புருவத்தைத்தானே தூக்கினாய் என்றேன்.

"அக்கா, அந்தப் பசங்க திருப்பி எதனா கேட்டுட்டா இன்னா சொல்றதுன்னு ஒவ்வொரு வாரமும் மேஜைக்குக் கீழ எனக்குத்தான் கால் ஜாஸ்தியா நடுங்கும்."

கோடி வருஷத்துக்கு முன்னால் கடலடியில் நடந்ததைக்கூடப் பிசகாமல் சொல்லிவிடுகிற நமக்கு, எதிரே ஒரு மேஜையைப் போட்டு "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் மட்டும் சொந்த ஊர்ப்பெயரே மறந்துபோகிறது.