மாமா துப்பிய சர்க்கரை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்துப் பிழைக்கும் பஞ்சமில்லை. பத்திரிகை ஆபீசில் இதை டைப் செய்யும் அம்மா இந்த வாரமும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான்கு நாளாகக் கை ஓடவில்லை... இன்றுதான் உட்கார்ந்தேன்.

ஆலங்காயத்திலிருந்து அக்காவும் மாமாவும் மலையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாமாவுக்கு சுகர். பல வருடமாக மாத்திரை. இப்போது கூடவே புதிதாக ஒரு டப்பா — சிறுகுறிஞ்சான் எக்ஸ்ட்ராக்ட் கேப்ஸ்யூல்.

சிறுகுறிஞ்சான் எனக்குப் புதிதா என்ன? அந்தக் கொடியின் இலையைப் பறித்துக் காயவைத்து விற்பதுதான் என் பிழைப்பு.

அன்று காலை மாமா மாத்திரையையும் கேப்ஸ்யூலையும் போட்டுக்கொண்டு, டிபன்கூடச் சாப்பிடாமல் என்னோடு கொல்லை நிலத்தைப் பார்க்க வந்துவிட்டார். திரும்பி வரும்போது ஒரே வேர்வை. கை நடுங்கியது.

"சுகர் ஏறிப்போச்சுடா" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கேப்ஸ்யூலை உடைத்து, பொடியை நாக்கில் கொட்டிக்கொண்டார். அவருக்கு முழுசாக விழுங்க வராது.

"ஏறலை மாமா, எறங்கிடுச்சி!" என்றேன். அக்கா ஓடிப்போய் ஒரு ஸ்பூன் சர்க்கரையை அவர் வாயில் போட்டாள். தூவென்று துப்பினார்.

"இன்னாடி இது, மண்ண அள்ளிப் போடுற?"

"சக்கரதாங்க!" அக்கா தானும் கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்தாள். "இனிக்குதே... ஐயோ, மனுஷனுக்கு நாக்கே செத்துப்போச்சே!"

அடுத்த ஸ்பூனுக்கு மாமா வாயை இறுக மூடிக்கொண்டார். பேச்சு குழற ஆரம்பித்தது.

எனக்கு விஷயம் பிடிபட்டது. இலை வாங்க வரும் வியாபாரி எப்படிச் சோதிப்பார் தெரியுமா? ஓர் இலையை மென்று, பிறகு சர்க்கரையை வாயில் போடுவார். இனித்தால் சரக்கு மட்டம். இனிக்காவிட்டால் அசல்!

மாமாவிடம் நான் சத்தமாகப் பேசியதே கிடையாது. அன்று கத்தினேன்.

"மாமா, மண்ணுன்னே நெனச்சி முழுங்குங்க! நாக்குக்குத் தெரியலன்னாலும் ரத்தத்துக்குத் தெரியும்!"

சர்க்கரைத் தண்ணீர், ஒரு டம்ளர். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. சாப்பிட வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

"இதச் சாப்பிடறத ஏன் சொல்லலீங்க?" என்று டாக்டரம்மா டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்.

"அது வெறும் இலதானே மேடம்..."

வெறும் இலையா? பத்து பங்கு இலையை ஒரு பங்காகச் சுண்டவைத்தது என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. அதில் வேலை செய்கிற சரக்குக்கு ஜிம்னமிக் அமிலம் என்று பெயராம். நாக்கில் இனிப்பை மறைப்பதும் அதுதான். ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கக்கூடியதும் அதுதான். மாத்திரையோடு சேர்ந்து, வெறும் வயிறும் என்றால்... கேட்கவா வேண்டும்?

கடையில் வாங்கும்போது அருமருந்து. டாக்டர் கேட்டால் வெறும் இலை. நம்மில் எத்தனை பேர் இப்படி!

டப்பாவில் பச்சை இலைப் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பொடியா, எக்ஸ்ட்ராக்டா, எத்தனை பங்கு என்று படியுங்கள். புரியாவிட்டால் டாக்டரிடம் டப்பாவையே நீட்டுங்கள். இதில் வெட்கம் என்ன?

மாமாவின் டப்பா இப்போது டாக்டரம்மாவின் மேஜையில் இருக்கிறது. இலை விற்கிற நானே சொல்கிறேன் — அங்கேயே இருக்கட்டும்.

எழுதியது: ஆவணி 15, ஞாயிற்றுக்கிழமை.