கொட்டிலடியில் நின்று போனவர்

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பை வைத்து நான் செய்த முதல் வேலை, செத்துப்போன ஒரு வீடியோ விளையாட்டுக்கு உயிர் கொடுக்கப் பார்த்தது. அப்பா இதை வெளியில் சொல்வதில்லை. கொம்பியூட்டரில் ஏதோ செய்கிறான் என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

சுனாமிக்கு முன் காத்தான்குடியில், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனின் கடையில் அந்த விளையாட்டு இருந்தது. ஒரு குட்டி வீரன் கல்லுக்குக் கல் பாய்ந்து போக வேண்டும். ஒரு பூச்சி தொட்டாலும் சாவான். செத்தால் முதற்கல்லிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று பாகங்கள், மூன்று கசெற்றுகள். முதலாம் பாகத்தை முடித்த ஒருவரை நான் கண்டதில்லை. மற்ற இரண்டையும் காக்கா கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். முதலாவதை முடித்தவனுக்குத்தான் இரண்டாவது என்பார். அந்தக் கண்டிப்பு எங்கள் பள்ளிக்கூடத்தில்கூட இருக்கவில்லை.

கடல் வந்து போன பின், சேற்றிலிருந்து மூன்றையும் அவரே தோண்டி எடுத்தார். உப்பில் ஊறியதை என்ன செய்வதென்று மீன் காயவைக்கும் வாவிக்கரைப் பொடியனான எனக்குத் தெரியும் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். நல்ல தண்ணீரில் அலசி, பாயில் பரப்பி, மூன்று வெயில் காயவைத்தேன். ஒன்றும் ஓடவில்லை. கருவாடாக இருந்திருந்தால் கறியாவது வைத்திருக்கலாம்.

யுத்தம் முடிந்ததும் எங்கள் பக்கம் கருத்தரங்குகள் வந்து இறங்கின. ஒரு நிறுவனம் கணினி வகுப்பு நடத்தி, திட்டம் எழுதிக் கொடுப்பவர்களுக்குக் கணினி இரவல் தந்தது. அந்த விளையாட்டை முதற்பாகத்திலிருந்து புதிதாகச் செய்யப்போவதாக எழுதினேன். இதனால் சமூகத்துக்கு என்ன பயன் என்று கொழும்பிலிருந்து வந்த நிறுவன அதிகாரி, நாங்கள் சேர் என்போம், கேட்டார். விடாமுயற்சி என்ற சொல்லை மூன்று இடங்களில் சேர்த்துக் கொடுத்தேன், அனுமதி கிடைத்தது. நிபந்தனை ஒன்றுதான். பார்வையிட வரும் நாளில் ஊரவர் ஒருவராவது விளையாட்டை முடித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கணினி தையல் வகுப்புக்குப் போய்விடும்.

வீரனைத் தோணிக்காரனாக்கினேன். கற்கள் வாவியில் நட்ட கம்புகளாயின, பூச்சிகள் முதலைகளாயின. கடினத்தில் மட்டும் கைவைக்கவில்லை. அதுதானே அதன் மானம். சேர் விளையாடிப் பார்த்து, முதலாம் கம்பிலேயே பலமுறை செத்து, பயனாளிகளின் மனம் உடைந்துவிடும் என்றார். வழியில் இளைப்பாறும் இடங்கள் வேண்டுமாம். அங்கே நின்றவன் செத்தால் அங்கிருந்தே எழும்ப வேண்டுமாம்.

வழியில் மனிதர் நிற்கும் இடம் என்றால் எனக்குத் தெரிந்த உருவம் ஒன்றுதான். ஆமிக்காரர் ஐசி என்ற அடையாள அட்டையைப் பார்க்கும், மண்மூட்டை அடுக்கிய ஒரு கொட்டில், குறுக்கே ஒரு தடைக்கம்பம். மூன்று விநாடி அசையாமல் நின்றால் கம்பம் உயரும். நான்கு இடங்களில் வரைந்து வைத்தேன். வரையும்போது ஒன்றும் தோன்றவில்லை.

பார்வையிடும் நாளில் ஊர்ப் பொடியன்மார் வரிசையில் வந்து விளையாடினார்கள். ஒருவன்கூடக் கொட்டிலடியில் நிற்கவில்லை. அதைக் கண்டதும் பின்பக்கத்தால் சுற்றி, முதலைகளுக்கு நடுவே பாய்ந்து, செத்து, முதற்கம்புக்குத் திரும்பினார்கள்.

"ஏன்டா கொட்டிலடிக்குப் போறாய் இல்ல?" என்று ஒருவனிடம் கேட்டேன்.

"ஐசி கொண்டு வரல்ல அண்ணன்," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சேர் கடிகாரத்தைப் பார்த்தார். தையல் ஆசிரியை கணினியின் வயரைப் பார்த்தார். தேத்தண்ணி கொண்டு வந்த என் மாமி, அப்பாவின் தங்கை, தானும் ஒருக்காப் பார்க்கட்டா என்று கேட்டார். வாவி இறாலைக் கூடையில் சுமந்து, கொட்டிலுக்குக் கொட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கி நின்று, வருடக்கணக்காகப் பட்டணம் போய் வந்தவர் அவர். பள்ளிக்கூடம் போகாதவர்.

சிலமுறை செத்து ஒருவழியாக முதற்கொட்டிலை அடைந்தார். அடைந்ததும் விசைகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பொடியன்மார் சிரித்தார்கள்.

"சிரிக்காம இரிங்க. நிண்டாத்தானே விடுவான்," என்றார் மாமி.

கம்பம் உயர்ந்தது. மாமி பாய்ந்தார், முதலை பிடித்தது, கொட்டிலடியில் எழும்பினார். மறுபடியும் கையை மடியில் வைத்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. அவசரமும் இல்லை, கோபமும் இல்லை. எத்தனை தரம் செத்தாலும் நின்று, விட்ட பிறகு போனார். பின்னேரமளவில் நாலாவது கொட்டிலையும் கடந்து, கடைசிக் கம்பில் போய் நின்றார். இத்தனை வருடத்தில் முதலாம் பாகத்தை முடித்து நான் கண்ட முதல் ஆள்.

"இனி ஐசிய ஆருக்கிட்டக் காட்டுற மருமகன்?" என்று கேட்டார்.

சேர் அவரைப் படம் எடுத்தார். காவலரண்கள் மீது மக்களுக்கு நம்பிக்கை வளர்ந்திருப்பதாக அறிக்கையில் எழுதினார். கணினி என்னிடமே நின்றது.

இரண்டாம் பாகத்தில் கொட்டில்களை எடுத்துவிட்டேன். யுத்தம், சோதனை எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் நம்பி, நிற்கும் இடங்களில் தென்னை மரம் வைத்தேன். பொடியன்மாரும் நிற்கவில்லை, மாமியும் நிற்கவில்லை. ஓடிய ஓட்டத்தில் எல்லோரும் முதலை வாயில் விழுந்தார்கள்.

"நிக்கிற இடத்த எங்க கொண்டுபோன மருமகன்? ஆக்கள் எப்பிடிப் போறது?" என்று மாமி ஏசினார்.

தென்னைகளை அழித்துவிட்டு, கொட்டில்களைத் திரும்பப் போட்டேன்.