ஒரு மகள், இரண்டு பிறப்புச் சான்றிதழ்

என் மகள் பிறந்தது கடலூர் மாவட்டத்தில், என் தாய் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த அரசு மருத்துவமனையில். அவளுடைய பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் பாகூர் என்று இருக்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுத எனக்கு இருபத்தொன்பது வருடம் ஆகியிருக்கிறது.

எங்கள் ஊர் பாகூர் கொம்யூனில், அதாவது பஞ்சாயத்தில், புதுச்சேரிக்கு உட்பட்டது. தெற்கே தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. என் தாய் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், டெம்போவில் கால் மணி நேரம். மீன் வாங்கவும் துணி எடுக்கவும் துக்கம் கேட்கவும் போய்வருகிற எங்களுக்கு அது அடுத்த ஊர்தானே தவிர அடுத்த மாநிலம் இல்லை. தலைப்பிரசவம் என்பதால் வளையல் போட்டு என்னை அங்கே அழைத்துப் போனார்கள். குழந்தை பிறந்ததை மருத்துவமனையிலேயே பதிவு செய்துகொண்டார்கள்.

நான் அப்போதுதான் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். விடுப்பு முடிந்து போனபோது ஆசிரியர் அறையில் ஒரு மூத்த ஆசிரியை கேட்டார்.

"கொழந்தைய எங்க பதிஞ்ச?"

"அம்மா ஊர்ல டீச்சர்."

"போச்சு போ. நாளைக்குக் காலேஜ் சீட்டுக்கு நிக்கும்போது லோக்கல் கோட்டா கிடையாதுன்னுடுவான். படிச்சவ நீயே இப்படிப் பண்ணா?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைத் தைத்தது என்று நினைக்கிறேன். அந்த வாரமே உட்கார்ந்து, குழந்தை எங்கள் வீட்டிலேயே பிறந்தது என்று கொம்யூன் ஆபீஸுக்கு ஒரு மனு எழுதினேன். தேதி, நேரம் எல்லாம் சரியாகவே எழுதினேன். இடத்தை மட்டும் மாற்றினேன். கையெழுத்துப் போட வேண்டியவர் என் கணவர். அவர் கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து கைகூடக் கழுவாமல் நின்றார்.

"இன்னாத்துக்கு இது? அதான் ஆஸ்பத்திரியில எழுதினாங்கல்ல?"

"உங்களுக்குத் தெரியாது. போடுங்க. யாரு வந்து பாக்கப்போறாங்க?"

போட்டார். பத்து நாளில் சான்றிதழ் வந்தது.

பதினேழு வருடம் கழித்து நர்சிங் படிப்புக்கு அவளுக்கு இடம் வாங்க வரிசையில் நின்றோம். குடியிருப்புச் சான்றிதழைப் பார்த்தார்கள். புதுச்சேரிப் பள்ளியில் எத்தனை வருடம் படித்தாள் என்று பார்த்தார்கள். எங்கே பிறந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண் திண்டிவனத்தில் பிறந்தவள், அவளுக்கும் கிடைத்தது. நான் சொன்ன பொய் ஒருநாள்கூட எங்களுக்கு வேலை செய்யவில்லை என்று அந்த வரிசையில்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கே போய்ச் சரிசெய்திருக்கலாம். கெடுதல் ஒன்றும் இல்லையே என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு அதே சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் வைத்துப் பாஸ்போர்ட் எடுத்தோம். அந்தப் பாஸ்போர்ட்டோடு அவள் கனடாவுக்குப் போனாள்.

அங்கே ஒரு படிப்பு, பிறகு முதியோர் இல்லத்தில் வேலை. ஒவ்வொரு விசாவுக்கும் ஒவ்வொரு காகிதம் கேட்பாள், நானும் எடுத்து அனுப்புவேன். காவல்துறைச் சான்று, மதிப்பெண் பட்டியல், எங்கள் கல்யாணப் பதிவு என்று வீட்டில் ஒரு பீரோத் தட்டே அதற்காகிவிட்டது. கடைசியாக அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பித்தாள். வேலை அனுமதி முடிவதற்குள் அது வந்தாக வேண்டும். வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"ம்மா, என் பர்த் சர்டிபிகேட்டுல பேரே இல்ல. 'பெண்'னு மட்டும் போட்டிருக்கு. பேரோட புதுசா ஒண்ணு வாங்கி அனுப்பு."

அந்தக் காலத்துச் சான்றிதழ்களில் பெயர் இருக்காது, பிறகு போய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிடுகிறேன் என்றேன். ஆனால் போகவில்லை. பரீட்சை நேரம், பேப்பர் திருத்துகிறேன் என்றெல்லாம் அவளிடம் சொன்னேன். உண்மையில் அந்தப் பதிவேட்டை மறுபடி யாரும் திறந்து பார்க்க வேண்டாம் என்றிருந்தது.

இதற்கிடையில் என் தம்பி வீட்டுக்கு வந்தான். தாய் வீட்டில் இப்போது அவன்தான் இருக்கிறான். பேச்சுவாக்கில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்காக்கா இவ்ளோ யோசிக்கிற? என் வூட்டுப் பக்கத்துல பொறந்த புள்ள. நான் பாத்துக்கிறேன்" என்றான்.

"நீ ஒண்ணும் பாக்க வேணாம்டா. நானே போறேன்."

"போற வரைக்கும் புள்ள அங்க காத்துக்கினு இருக்குமா?"

அவனுக்கு எங்கள் இரண்டாவது பதிவு தெரியாது. நான் சொல்லியிருக்க வேண்டும். நாற்காலியில் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவன் மூன்றே நாளில் மருத்துவமனைப் பதிவிலிருந்து பெயர் சேர்த்த புதிய சான்றிதழை வாங்கி, எனக்குக்கூடக் காட்டாமல், நேரே என் மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். அவள் அதைப் பதிவேற்றிவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினாள்: "மாமா சூப்பர். நீ வேஸ்ட்."

நான் அன்றைக்கு ஏழாம் வகுப்பில் இருந்தேன். கரும்பலகையில் பாதி எழுதியதை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இரண்டு மாதத்தில் கனடாக் குடிவரவுத் துறையிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. எங்களுக்குக் காலை, அவளுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம்.

"ம்மா, நான் எங்கம்மா பொறந்தேன்?"

"ஏன்டி?"

"சொல்லும்மா. முன்ன குடுத்த சர்டிபிகேட்டுல பாகூர், வீட்ல பொறந்ததுன்னு இருக்கு. இப்ப குடுத்ததுல கடலூர் ஜில்லா, ஆஸ்பத்திரின்னு இருக்கு. ரெண்டும் கவர்மெண்டு சீல். முப்பது நாள்ல விளக்கம் கேக்கறாங்க. இல்லன்னா நான் பொய் சொன்னதா முடிவு பண்ணிடுவாங்களாம். அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு அப்ளையே பண்ண முடியாது."

"நீ அனுப்பும்போது பாக்கலையா?"

"எங்க வீட்டு ஜனங்க அனுப்பினத நான் எதுக்கு சந்தேகப்படணும்? மாமா ஊர்ல பொறந்தேன்னு தெரியும். மாமா ஊரும் நம்ம ஊரும் ஒண்ணுதானேன்னு நெனச்சேன்."

நான் சொன்னேன். மூத்த ஆசிரியை, கோட்டா, மனு, எல்லாம். முடித்த பிறகு, "சரி, நான் வைக்கிறேன்" என்றாள்.

தம்பி மறுநாள் வந்து வாசலிலேயே நின்றுகொண்டான். "இனிமே சத்தியமா யாருக்கும் ஒரு நல்லது பண்ண மாட்டேன்க்கா" என்றான். என் கணவர், "மொதல்ல உள்ள வாடா. உன் பேர்ல தப்பு இல்ல. எங்க பேர்ல இருக்கு" என்றார். 'எங்க' என்றார். எனக்கு அது அடித்ததுபோல இருந்தது.

வில்லியனூரில் ஒரு நோட்டரி வக்கீலிடம் போனோம். அவர் இரண்டு சான்றிதழ்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"டீச்சர், ஒண்ணு சொல்லட்டா? கொழந்த வீட்லதான் பொறந்துச்சு. அப்புறம் ஒடம்பு சரியில்லன்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோம், அவங்க அங்கயே பொறந்ததா எழுதிட்டாங்க. முடிஞ்சிது கத. பாஸ்போர்ட்டும் அப்படியே நிக்கும். யாரு போய் பாக்கப்போறாங்க?"

அதில் ஓட்டையே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நிஜத்தை எழுதினால் பாஸ்போர்ட் தப்பாகிவிடும், அதை வைத்து வாங்கிய ஒவ்வொரு விசாவையும் தோண்டுவார்கள். வக்கீல் சொன்னபடி எழுதினால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்தோம். இரண்டு நாள் யோசித்தேன். ஏதாவது ஒரு பக்கம் மனம் நிற்கும், குழம்பு தாளிப்பதற்குள் மறுபக்கம் போய்விடும். மகளிடம் கேட்டதற்கு, "உன் இஷ்டம்மா. நீயே ஆரம்பிச்ச, நீயே முடி" என்றாள். கோபத்தில் சொன்னாளா, பயத்தில் சொன்னாளா தெரியவில்லை.

கணவரிடம் வக்கீல் சொன்னதை மறுபடி எடுத்தேன்.

"அன்னைக்கும் யாரு பாக்கப்போறாங்கன்னுதான் சொன்ன" என்றார். அவ்வளவுதான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மறுபடி வில்லியனூருக்குப் போனோம். நான் தமிழில் எழுதி எடுத்துப்போனதை வக்கீல் இங்கிலீஷில் வாக்குமூலமாகப் போட்டார். இந்த விவரம் பொய் என்று தெரிந்தே நான் எழுதினேன், என் கணவர் என் பேச்சைக் கேட்டுக் கையெழுத்திட்டார், என் மகளுக்கு இது தெரியாது. 'தெரிந்தே' என்ற இடத்தில் வக்கீல் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். இருக்கட்டும் என்றேன்.

அது மட்டும் போதாதாம், பொய்ப் பதிவை ரத்துசெய்ய மனு கொடுத்ததற்கும் அத்தாட்சி வேண்டுமாம். கொம்யூன் ஆபீஸில் ஒரு இளம்பெண் எழுத்தர். மனுவைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டீச்சர், காரணம்னு இருக்கிற இடத்துல 'தெரிந்தே தவறான தகவல்'னு எழுதியிருக்கீங்க. 'தவறுதலாக இருமுறை பதிவு'ன்னு மாத்திக் குடுங்களேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"நான் தவறுதலா எழுதலம்மா."

"தெரியுது. ஆனா நான் இத மேல அனுப்புனா, அவங்க ஏன் எதுக்குன்னு கூப்பிட்டுக் கேப்பாங்க. உங்க வேலைக்கு ஏதாவது வந்துட்டா?"

அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். எனக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. பேனா என் கையில்தான் இருந்தது, ஒரு வார்த்தையை அடித்தால் போதும். ஆனால் கனடாவுக்குப் போகிற வாக்குமூலத்தில் 'தெரிந்தே' என்று இருந்தது. இரண்டு காகிதத்தில் இரண்டு விதமாக எழுதியதால்தான் இந்த நிலைமை. அப்படியே வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அந்தப் பெண் பெருமூச்சு விட்டு, சீல் வைத்து, ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். காத்திருப்பதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காலையில் போனைப் பார்ப்பேன், பள்ளிக்குப் போவேன், மதியம் பார்ப்பேன். பள்ளியில் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. பிறந்த ஊர் என்ற கட்டத்துக்கு வந்ததும் கேட்பேன். ஒரு தகப்பன், "எதுனா ஒண்ணு போட்டுக்கோங்க டீச்சர், நம்ம ஊருதான்னு வச்சிக்கோங்க" என்றார். பிறப்புச் சான்றிதழை எடுத்து வந்த பிறகுதான் படிவத்தை வாங்குவேன் என்று அவரைத் திருப்பி அனுப்பினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

இதற்குள் கொம்யூன் ஆபீஸிலிருந்து என்னை இரண்டு முறை அழைத்தார்கள். ஒரு அதிகாரி முன்னால் நின்று அதே கதையைச் சொன்னேன். அவர் எரிச்சலாகக்கூட இல்லை, களைப்பாக இருந்தார். எச்சரிக்கை என்று ஒரு வரி எழுதி, பதிவை ரத்துசெய்து உத்தரவு போட்டார். எங்கள் ஊர்ப் பதிவேட்டில் என் மகள் இப்போது இல்லை. நல்லதுதான். ஆனால் அந்த உத்தரவில் அவள் பிறந்த தேதியையும் எங்கள் வீட்டு எண்ணையும் எழுதி, 'மேற்படி பிறப்பு நிகழவில்லை' என்று போட்டிருந்ததைப் படித்தபோது, வந்த டெம்போவை விட்டுவிட்டு அங்கேயே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த உத்தரவை வைத்துப் பாஸ்போர்ட்டை மாற்ற அவள் அங்கே இந்தியத் தூதரகத்தில் மனு கொடுத்தாள். அதன் நகலையும் விண்ணப்பத்தோடு சேர்த்தாள். வேலை அனுமதி முடிய ஐந்து வாரம் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலை கூப்பிட்டாள். நான் மதியச் சாப்பாட்டை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"கெடச்சிடுச்சும்மா."

"நெஜமாவா?"

"நெஜமாதான். மெயில் வந்திருக்கு. உன் வாக்குமூலத்தப் பத்தி ஒரு வரிகூட இல்ல. படிச்சாங்களான்னே தெரியல."

என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் போனை வாங்கி, "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போனார். எனக்கு அழுகை வரவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக வைத்தேன்.

"ம்மா."

"சொல்லு."

"இன்னும் மூணு நாலு வருஷத்துல சிட்டிசன்ஷிப் போடுவேன். அப்பவும் எல்லாக் காகிதமும் கேப்பாங்க."

"ம்."

"இன்னும் எதுனா இருக்காம்மா? நான் தெரிஞ்சிக்க வேண்டியது?"

அவள் குரலில் கோபம் இல்லை. முதியோர் இல்லத்தில் இருப்பவர்களிடம் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பாளே, அப்படிக் கேட்டாள். நான் நினைத்துப் பார்த்தேன். பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ரேஷன் அட்டை, எங்கள் கல்யாணத் தேதி. ஒவ்வொன்றாக, உண்மையாகவே நினைத்துப் பார்த்தேன்.

"இல்லடி. வேற ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி. பீரோவுல இருக்கிறது எல்லாத்தையும் ஒண்ணொண்ணா போட்டோ எடுத்து அனுப்பு. நானே ஒரு தடவ பாத்துடறேன்" என்றாள்.

அன்றைக்குப் பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டு, பீரோத் தட்டில் இருந்ததையெல்லாம் தரையில் இறக்கி வைத்து, ஒவ்வொன்றாகப் படம் எடுக்க உட்கார்ந்தேன்.